நாகப்பட்டினத்துப் பௌத்தப் படிமங்கள்: குறியீடும் பராமரிப்பும்

சோழர் காலத் துறைமுகமான நாகப்பட்டினத்தில், தென்கிழக்காசிய ஸ்ரீவிஜய அரசரின் ஆதரவில் முதலாம் இராசராசன் காலத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடம் எழுந்தது. அந்நகரில் 1856 முதல் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் கணிசமானவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இவற்றின் பொருளைத் தாங்குவன நுண்ணிய உறுப்புகளே. உச்சியில் எழும் சுடர் ஞானத்தையும், உயர்த்திய வலக்கை அபயத்தையும், நிலம் தொடும் விரல்கள் தவத்தைக் குலைக்க வந்த மாரனை வென்று புத்தர் போதி (மெய்ஞ்ஞானம்) பெற்ற கணத்தையும் குறிக்கின்றன. பீட எழுத்துகளும் ஆடை மடிப்புகளும் காலத்தையும் கொடையாளரையும் அறிய உதவுகின்றன. ஆகவே பழைய பௌத்தப் படிமத்தைப் பளபளப்பாகத் தேய்ப்பது அதன் பொருளையே தேய்ப்பதாகும்.

வழிபாட்டுக்குரிய உருவைப் புளியிட்டுத் துலக்குவது மரபு அல்லவா என்று கேட்கலாம். அன்றாடப் பூசையிலுள்ள புதிய பித்தளை உருவுக்கு அது பொருந்தும். ஆனால் புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் உலோகத்தைச் சிறிது கரைக்கிறது, உப்புச் சேர்ந்தால் எஞ்சும் குளோரைடு அரிப்பைத் தூண்டுகிறது. பச்சை படிந்தால் உலோகம் அழியாதா என்ற ஐயமும் நியாயமானது. கெட்டியாக ஒட்டிய கரும்பச்சைப் படலம் பெரும்பாலும் காப்பாகவே அமையும். பொடியாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். அதற்குத் தேவை உலர்ந்த சூழலும் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் சிகிச்சையும். வீட்டுத் தேய்ப்பு அல்ல. மற்றபடி மென்தூரிகையால் தூசி அகற்றி, வெறுங்கை படாமல் காப்பதே போதுமான மரியாதை.