பேரு பாஸ், ஆனா மேல இன்னொரு பாஸ்

தாம்பரம் ட்ரெயின்ல குரோம்பேட்டையைத் தாண்டும்போது எம்.ஐ.டி.னா அப்துல் கலாம் படிச்ச காலேஜ்னுதான் சொல்வோம். 2005-ல் மத்திய அரசு தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தின் ஒரு கால் அங்கேதான், ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தில், இருந்தது. இன்னொரு கால் சென்னை சி-டாக்.

அங்கிருந்து 2007-ல் பாஸ் லினக்ஸ் வந்தது. அதன் அடித்தளம் டெபியன்: 1993-ல் இயான் மர்டாக் தொடங்கியது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் நடத்துவது. மேனேஜர் கிடையாது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பொறுப்பாளர், வருஷாவருஷம் ஓட்டுப் போட்டு ஒரு தலைவர். 'ரெடியானதும் வரும்' என்பதுதான் அவங்க காலக்கெடு! 2002 ஜூலைக்கு அடுத்த பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது.

அரசுத் திட்டத்துக்கோ தேதி உண்டு. சிக்கலே இதுதான். தமிழ் எழுத்து உடையுதுன்னா உங்க பிரதியில மட்டும் சரிசெய்யலாம், சீக்கிரம் முடியும். ஆனா டெபியனின் அடுத்த பதிப்பு வந்ததும் அதே வேலையைத் திரும்பச் செய்யணும். மேல அனுப்பினா, முகம் தெரியாத ஒருத்தரை ஒத்துக்க வைக்கணும், காத்திருக்கணும். ஏத்துக்கிட்டா யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அது போய்ச் சேரும்.

2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோட பாஸும் இருந்துச்சு. அக்காவோட பழைய மெஷின் பரண்ல கிடந்தா, இறக்கிப் பாருங்க.