தோடர் பற்றிய ரிவர்ஸின் ஆராய்ச்சி: திட்டமும் செய்தி திரட்டலும்

தமிழ்த் துறைகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவர் பலர் நாட்டுப்பாடல், வட்டார வழக்கு, சிறுதெய்வ வழிபாடு முதலியவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். இவற்றுக்குரிய முதன்மைச் சான்று நூலகத்தில் இல்லை, மக்களிடத்தில் உள்ளது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் நெறியை நாம் நன்கு அறிவோம். மக்களை வினவித் திரட்டும் செய்திக்கும் அத்தகைய நெறி உண்டோ என்பது ஆராயத்தக்கது. எண்ணிக்கையைக் கொண்டு முடிவு காணும் ஆய்வினின்றும் வேறுபட்ட இதனைப் பண்புசார் ஆய்வு என இன்று வழங்குகின்றோம். நீலகிரியில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றைக் கொண்டு, அந்நெறி எங்கே வென்றது, எங்கே தவறியது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் முயற்சிகள்

தோடரைப் பற்றிய குறிப்புகள் மிகப் பழையன. ஏசு சபையைச் சேர்ந்த பெனிசியோ பாதிரியார் 1603ஆம் ஆண்டிலேயே மலையேறிச் சென்று அவர்களைக் கண்டு எழுதியுள்ளார். 1832இல் ஆர்க்னஸ் என்பவர் அவர்களைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். 1873இல் மார்ஷல் என்னும் படைத்தலைவர் எழுதிய நூல் வெளிவந்தது. தமிழ் மாணவர்க்கு அந்நூல் ஒரு வகையில் நெருக்கமானது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த போப் அவர்கள் வரைந்த தோடர் மொழி இலக்கணச் சுருக்கம் அதன்கண் இடம் பெற்றுள்ளது.

ஆயினும், மார்ஷல் மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு மக்களின் குணத்தை உரைக்கலாம் என்னும் கொள்கையுடன் மலையேறியவர். அக்கொள்கை பின்னர் அறிவியலாரால் முற்றும் கைவிடப்பட்டது. விடையை முன்னரே கையிற் கொண்டு சென்றவர்க்கு மக்கள் சொல்லும் விடை எளிதிற் செவிப்படுவதில்லை. அவர் நூலில் அவர் கண்டன பல இன்றும் பயன்படும். அவற்றிலிருந்து அவர் பெற்ற முடிபுகள் பயன்படா.

ரிவர்ஸின் திட்டம்

ரிவர்ஸ் (1864 - 1922) மருத்துவம் பயின்றவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியராக விளங்கியவர். 1898இல் ஆடன் என்பார் தலைமையில் தாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். அங்கே புலனறிவு குடிவழியாக வருகின்றதா என்று அறியும் பொருட்டு ஒவ்வொருவரிடமும் குலமுறையைக் கேட்டு எழுதத் தொடங்கினார். எழுதிய பின்னரே, அக்குலமுறைப் பட்டியல்கள் மணமுறை, உறவுமுறை, உரிமை முதலிய பலவற்றையும் காட்டவல்லன என்பதை உணர்ந்தார். இக்குலமுறை நெறியை விளக்கி 1900இல் கட்டுரை வெளியிட்டார். அந்நெறியை முழுமையாக ஆண்டு பார்க்கும் இடமாக அவருக்கு அமைந்தது நீலகிரி. 1901 - 1902இல் அங்கே சில திங்கள் தங்கினார். 1906இல் 'தோடர்கள்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூல் ஒரு மக்களின் வழக்கங்களைத் தொகுத்துரைப்பது மட்டும் அன்று, ஆராய்ச்சி நெறியை மெய்ப்பித்துக் காட்டுவதுமாகும் என்று அவரே முன்னுரையில் குறிக்கின்றார்.

அவர் கொண்ட திட்டத்தின் உயிர்நிலை, பொதுவாக வினவாது சிறப்பாக வினவுதல் என்பதாம். 'உங்களுள் எருமைகள் யாரைச் சேரும்?' என்று பொதுப்பட வினவினால் மக்கள் இருக்கவேண்டிய முறையைச் சொல்வர். 'இன்னார் இறந்தபோது அவருடைய எருமைகள் யாரைச் சேர்ந்தன?' என்று வினவினால் நிகழ்ந்ததைச் சொல்வர். பெயர்கள் குலமுறைப் பட்டியலில் உள்ளமையால் இவ்வினாவை ஒன்றன்பின் ஒன்றாகப் பலரைக் குறித்து எழுப்ப இயலும். சொன்ன முறையும் நிகழ்ந்த நிகழ்ச்சியும் வேறுபடுமிடத்து ஆராய்ச்சி தொடங்குகின்றது.

இரண்டாவது, ஒரு செய்தியை ஒருவர் வாய்மொழியோடு விடாமல், ஒருவரோடொருவர் கலந்து பேசாத பலரிடம் தனித்தனியே கேட்டு ஒத்துப் பார்த்தல். இதன் அருமையை ஏட்டாராய்ச்சி செய்வோர் உடனே உணர்வர். ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் பத்துச் சான்றுகள் ஆகா. அவை ஒரு சான்றே. அதுபோல, ஊர் மன்றில் ஒருங்கிருந்து விடை கூறும் பதின்மர் ஒருவரே ஆவர். ஆதலின், பலர் கூடியிருக்கத் தக்கனவாகிய கண், செவி முதலிய புலன்களின் சோதனைகளை ரிவர்ஸ் வெளிப்படையாக நடத்தினார். பால்மனைச் சடங்கு முதலிய மறைபொருள்களைத் தனித்தனியே இருத்தி வினவினார்.

தோடர்க்கு இறந்த உறவினரின் பெயரைச் சொல்லுதல் விலக்கு. குலமுறையோ இறந்தோர் பெயராலேயே அமைவது. நெறியின் அடிப்படையே தகர்ந்துவிடும் நிலை இது. ஒருவனுடைய முன்னோரை அவனிடம் வினவாது, அவ்விலக்குக்கு உட்படாத பிறரிடம் வினவி ரிவர்ஸ் இவ்விடர்ப்பாட்டைக் கடந்தார்.

இந்நெறியால் விளைந்த பயன் பெரிது. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கமும், கருவுற்ற காலத்தில் அவளுக்கு வில்லும் அம்பும் போன்ற உருக்களைத் தந்து தந்தைமையை நிறுவும் சடங்கும் பெயரளவில் முன்னரே அறியப்பட்டவை. அச்சடங்கைச் செய்தவனே, பிறிதொருவன் அதனைச் செய்யும்வரை பிறக்கும் மக்களுக்குத் தந்தை என்பதும், உடன்பிறந்தார் அனைவரும் தந்தையராகக் கருதப்படுவர் என்பதும் குலமுறைப் பட்டியல்களால் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகத் தெளிவுற்றன. மாமன் மக்களையும் அத்தை மக்களையும் குறிக்கும் 'மச்சுனி' என்னும் சொல்லை அவர் பதிவு செய்துள்ளார். நம் 'மைத்துனன்', 'மச்சான்' என்பவற்றோடு அதன் உறவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தப்பிய செய்தி

இத்துணை விழிப்புடன் அமைந்த ஆராய்ச்சியிலிருந்து ஒரு பெருஞ்செய்தி தப்பியது. தோடருள் ஒவ்வொருவரும் தந்தை வழியாக ஒரு குலத்தையும் தாய் வழியாக மற்றொரு குலத்தையும் சார்ந்தவர். தந்தைவழிக் குலத்துள் மணமில்லை என்பது போலவே தாய்வழிக் குலத்துள்ளும் மணமில்லை. ரிவர்ஸ் முன்னதை நுணுகி ஆராய்ந்தார். பின்னதை ஒரு குல அமைப்பாக அவர் அறியவில்லை. அதனைக் கண்டு வெளிப்படுத்தியவர் மொழிநூல் அறிஞர் எமனோ (1904 - 2005) ஆவர். அவர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோட, கோத்த, குடகு, கோலாமி மொழிகளை ஆராய்ந்தவர். தாய்வழிக் குலச் செய்தியை 1937இல் எழுதினார். 1941இல் உறவுச் சொற்களோடு இயைத்து மேலும் விளக்கினார்.

பல வினாக்களை வினவியவர்க்குப் புலப்படாதது மற்றவர்க்கு எவ்வாறு புலப்பட்டது? ரிவர்ஸ் தோடர் மொழியைக் கற்றவர் அல்லர். மொழிபெயர்ப்பாளரைத் துணையாகக் கொண்டு வினவினார். எமனோ சொல்லைக் கேட்டு எழுதி, அச்சொல் வழங்கும் இடங்களையெல்லாம் தேடினார். இங்கு 'மொட்' என்னும் தோடர் சொல்லை எண்ணிப் பார்த்தல் தகும். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி அதனைத் தமிழ் 'மன்று' என்பதனோடு ஓரினமாக வைக்கின்றது. அச்சொல் எருமைகள் உறையும் இடத்தையும், ஊரையும், தந்தைவழிக் குலத்தையும் குறிக்கும். 'நீர் எந்த மந்தைச் சேர்ந்தவர்?' என்று வினவினால் ஊரும் தந்தைவழிக் குலமும் ஒருங்கே விடையாக வரும். வினவியவர்க்குக் குறையேதும் தோன்றாது. ஊரோடு ஒட்டாத தாய்வழிக் குலம் அவ்வினாவுக்கு விடையாக வருவதற்கு வழியே இல்லை. இதுவே அச்செய்தி தப்பியதற்குக் காரணம் என்று யான் கருதுகின்றேன். சான்று கூறியோர் பொய் கூறவில்லை; பலர் கூற்றை ஒப்பிட்டதிலும் பிழையில்லை. அனைவரும் ஒரே வினாவுக்கு உண்மையாகவே விடை பகர்ந்தனர். ஒப்புநோக்குதல் விடையின் பிழையைக் காட்டுமேயன்றி, வினாவின் குறையைக் காட்டாது.

பாடல்களின் நிலையும் இத்தகையதே. தோடர் வாழ்வு முழுதும் பாட்டில் அமைந்துள்ளது என்பதை எமனோ 1971இல் வெளியிட்ட தோடர் பாடல்களின் பெருந்தொகுப்புக்குப் பின்னரே உலகம் நன்கு அறிந்தது. ரிவர்ஸும் தம் நெறியின் எல்லையைப் பின்னர் உணர்ந்தார் என்றே கூறலாம். ஒரு சிறு சமுதாயத்தினிடையே ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி, அவர்தம் மொழியிலேயே ஆராய்தல் வேண்டும் என்று 1913இல் எழுதிய அறிக்கையில் அவர் வற்புறுத்தினார்.

செய்திக்குக் கொடுத்த விலை

ரிவர்ஸின் நூல் முன்னுரையில் மறக்கவொண்ணாத ஒரு பகுதி உண்டு. அவருக்கு மறைபொருள்களை உரைத்த தோடர் சிலர்க்கு அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது. ஒருவர் நோயுற்றார், ஒருவர் மனைவியை இழந்தார், ஒருவரது ஊர்ப் பால்மனை தீக்கிரையாயிற்று. மறைபொருளை வெளியிட்டமையால் தெய்வங்கள் சினந்தன என்று அம்மக்கள் கொண்டனர். அதன்பின் செய்தி உரைப்பார் அருகினர். அத்துன்பங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை என்று நாம் கூறலாம். ஆயின், மனைவியை இழந்தவர் அக்குற்ற உணர்வைச் சுமந்தார் என்பது உண்மை. ரிவர்ஸ் இதனை மறையாது எழுதியது அவர்தம் நேர்மையைக் காட்டும். எனினும், அப்பயனைத் துய்த்தவர்கள் நூலைக் கற்ற நாமே. விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

யானும் மாணவப் பருவத்தில் ஒப்பாரிப் பாடல்கள் திரட்டச் சென்று, முதியவர் ஒருவரைத் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே பாடுமாறு வேண்டினேன். "பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டிலே சாவு இல்லாமல் அதைப் பாடுவார்களா, தம்பி?" என்று அவர் கேட்டார். மேலும் வற்புறுத்தினேன், இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டு, அன்று முழுதும் அவர் என்னோடு பேசவில்லை. அவ்விரண்டு அடிகளும் என் ஆய்வேட்டில் இடம் பெற்றன. அவற்றைப் பெற்ற முறை இடம் பெறவில்லை. ரிவர்ஸின் முன்னுரையைப் படித்தபோதுதான் அஃது ஒரு குறை என்று உணர்ந்தேன்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: களம் செல்லுமுன் வினாக்களை வகுத்தல் வேண்டும், சென்றபின் அவ்வினாக்களின் சொற்களையே ஐயுறுதல் வேண்டும். நிகழ்ந்தவற்றைப் பெயர் சுட்டி வினவுக. தனித்தனியே கேட்டு ஒப்பிடுக. மக்கள் மொழியின் சொற்பொருளை முதலில் ஆராய்க. யாரிடம், எந்நிலையில், எம்முறையாற் செய்தி கிடைத்தது என்பதைச் செய்தியோடு சேர்த்தே எழுதுக. ரிவர்ஸ் தம் முறையை ஒளிவின்றி எழுதி வைத்தமையாலன்றோ, அவர் எதனை வினவினார், எதனை வினவவில்லை என்று பின்வந்தோர் கண்டு திருத்த இயன்றது. சொல்ல விரும்பாதாரை வற்புறுத்தாமையும் இந்நெறியின் ஒரு பகுதியே. தமிழில் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுக்கும் ஆய்வேடுகளில் இவற்றை உரைக்கும் ஓர் இயல் கட்டாயமாக இடம் பெறுமாயின், அவ்வேடுகள் அடுத்த தலைமுறைக்கும் பயன்படும் என்பது ஒருதலை.