வார்மின்ட்

அமெரிக்க மேற்குப் பகுதியின் கால்நடைப் பண்ணைகளில் பயிரையோ மேய்ச்சலையோ கன்றையோ கெடுக்கும் விலங்கு எதுவானாலும் ‘வார்மின்ட்’தான். தரை அணில், பிரெய்ரி நாய், கயோட்டி எல்லாம் இதில் அடக்கம். ‘வெர்மின்’ என்பதன் பேச்சுத் திரிபு இது. மூலம், புழுவைக் குறிக்கும் ‘வெர்மிஸ்’ என்ற லத்தீன் சொல். ஈற்று ‘ட்’ பிற்பாடு ஒட்டியது. தொலைவிலுள்ள சிறு இலக்கைச் சுடும் துப்பாக்கிக்கும் இப்பெயர் ஏறியது; 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த .22-250 தோட்டா, முன்பு ‘வார்மின்டர்’ என்றே வழங்கியது.

உயிரியல் வகைப்பாட்டில் இச்சொல்லுக்கு இடமில்லை. பண்ணைக்காரரின் நட்டக் கணக்கே இதன் எல்லை. அது குறுகிய எல்லை என்பேன்: பிரெய்ரி நாயைத் தின்று, அதன் வளையிலேயே குடியிருக்கும் கருங்கால் ஃபெரெட், அந்த நாய்கள் ஒழிக்கப்பட்டபோது தானும் ஏறக்குறைய அழிந்தது.