வட்டக்களரியும் ஒளிமேசையும்

ஆனையிறவுக்குத் தெற்கே விரியும் வன்னி, முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் நிலம். ஊரார் சூழ்ந்திருந்து பார்க்கும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் பந்தமும் பின்னர் பெற்றோமாக்சும் ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் ஒரே வெளிச்சத்தையே தந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனையில் ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றியபின், ஒளி ஒரு பக்கத்துக்குரியதாயிற்று. கூத்தின் உருவத்தை மாற்றியதில் மேடைக்குள்ள பங்கு விளக்குக்கும் உண்டு. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமே கூத்தை நடத்துகிறது, விளக்கு வெறும் துணை என்று சிலர் மறுப்பர். மத்தளத்தின் தலைமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இருளில் வரிசையாக அமர்ந்த சபை, களரியைச் சூழ்ந்திருந்து ஒருவர் முகத்தை ஒருவர் கண்ட ஊர் அல்லவே.

மின்விளக்கே கூத்தைக் கெடுத்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1986இல் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் 512 என்னும் ஒளிக் கட்டுப்பாட்டு முறையில் ஒரே கேபிள் 512 சனல்களைச் சுமக்கும். ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை. நான்கு சனல் எல்ஈடி விளக்குகள் எட்டைக் களரியைச் சுற்றி நட்டு, 1, 5, 9 என 29 வரை தொடக்கச் சனல் எண் கொடுத்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே அவற்றை இயக்கும் ஒளிமேசையின் சொல் கேட்கும். இரண்டுக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே சிவக்கும். எண் சரியாக அமைந்தால், ஆடுவோர் மீதும் சுற்றியிருக்கும் ஊர் மீதும் ஒளியைப் பகிரலாம்; கூத்து மீண்டும் வட்டத்துக்கே இறங்கலாம்.