முகத்தில் பூசிய கறுப்பு

நான் ஓய்வுபெற்றுக் குடியிருக்கும் கொடைக்கானல், வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்காக உண்டாக்கிய ஊர். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். வண்டிப்பாதை வரும்வரை அவர்களை டோலியில் சுமந்து மலையேற்றியவர்கள் நம் ஆட்கள். யார் உட்காருவது, யார் சுமப்பது என்பதைத் தோலின் நிறமே சொல்லிவிட்ட காலம். வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்தக் கணக்கு மட்டும் நம் நகைச்சுவையில் தங்கிவிட்டது.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1960-இல் வந்த 'தி மில்லியனரஸ்' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு இந்திய மருத்துவராக நடித்தார். அந்தப் படத்தையொட்டி அவரும் சோபியா லாரனும் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' பாட்டில் நம்மவர் உச்சரிப்புதான் வேடிக்கை. பின்னாளில் சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கீர், நீனா வாடியா ஆகிய இந்திய வம்சாவளி நடிகர்கள் நால்வரும் அதே பெயரைத் தங்கள் நிகழ்ச்சிக்கு வைத்தார்கள். 1996-இல் பி.பி.சி. வானொலியில் தொடங்கி, 1998-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் ஒரு துணுக்கு: பம்பாயில் ஓர் ஆங்கில உணவகத்துக்குள் இந்தியக் கும்பல் ஒன்று போதையில் நுழைகிறது. வெள்ளைக்கார சர்வரின் பெயரைக் கொலை செய்கிறது. இருப்பதிலேயே உப்புச் சப்பில்லாத பண்டத்தைக் கொண்டுவரச் சொல்லி வீறாப்புக் காட்டுகிறது. அங்குள்ள இந்திய ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் செய்யும் அலம்பல், அப்படியே தலைகீழாக!

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. 2000-களில் விஜய் டி.வி.யில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'வில் சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லாரும் பெரிய நட்சத்திரங்களின் படங்களையே கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆனால் கறுத்த கதாநாயகனுக்குச் சிவந்த கதாநாயகியே ஏன் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2007-இல் வந்த 'சிவாஜி'யில் அங்கவை, சங்கவை என்று இரு பெண்களுக்கு முகத்தில் கறுப்பைப் பூசி, அவர்களைக் கண்டு கதாநாயகன் மிரள்வதாகக் காட்டினார்கள். பெயர்கள் பாரி மகளிருடையவை. பாரி இறந்தபின் அவர்களுக்கு மணமகன் தேடி அலைந்தவர் கபிலர், எங்கள் பழனி மலைக்குரிய பேகனையும் பாடியவர். அவர் பரிவோடு செய்த காரியம் இரண்டாயிரம் ஆண்டு கழித்துச் சிரிப்பாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒருநாள் வேறு ஏதோ ஒரு நிகழ்ச்சி. "கரண்ட் போனா பல்லைக் காட்டும்மா" என்கிற ரகத் துணுக்கு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது பேத்தி எழுந்து உள்ளே போனாள். அவளுக்கு என் நிறம். மறுமாதம் குளியலறையில் சிவப்பழகு கிரீம் இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் மொலியேர் பாடம். அவர் கேலி செய்தது போலி பக்தர்களையும் பகட்டுக்காரர்களையும். அதனால்தான் அவருடைய 'தார்த்துஃப்' 1664-இலிருந்து 1669 வரை தடையில் கிடந்தது. கறுத்த பெண்ணைக் கேலி செய்பவருக்கு எந்தத் தடையும் வராது. அதில் ஆபத்தே இல்லை, அதனால் அதில் துணிச்சலும் இல்லை.

அடுத்த முறை இப்படியொரு துணுக்கு வரும்போது திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாருங்கள், நண்பர்களே. யார் சிரிக்கவில்லை என்று தெரியும்.