பேஷ்வா தஃப்தரும் நிர்வாக இயலும்

புனேயில் நம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது எம்.பி.ஏ. படிக்கிறது அல்லது படித்து முடித்திருக்கிறது. அவர்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டினால் முதல் அத்தியாயத்திலேயே மூன்று பெயர்கள் வரும். தொழிலாளியின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து 1911-இல் நூல் எழுதிய அமெரிக்கர் டெய்லர் ஒருவர். 1916-இல் நிர்வாகத்துக்குப் பதினான்கு விதிகள் வகுத்த பிரெஞ்சுக்காரர் ஃபேயோல் இன்னொருவர். மூன்றாமவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர். அவர் மறைந்த பிறகு 1922-இல் வெளிவந்த பெருநூலில்தான் அலுவலக ஆட்சிமுறை பற்றிய அவருடைய கோட்பாடு இருக்கிறது.

வேபர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அதிகாரம் ஆளுக்கு இல்லை, பதவிக்கு. பதவி யாருக்கும் சொந்தச் சொத்து இல்லை. தகுதி பார்த்துத் தர வேண்டும், மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆபீஸ் வேறு, வீடு வேறு.

முப்பது வருஷம் கணக்கு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு இதைப் படித்தபோது ஐரோப்பா நினைவுக்கு வரவில்லை. நம்ம புனேயில் பண்ட் கார்டன் சாலையில் இருக்கும் பேஷ்வா தஃப்தர்தான் நினைவுக்கு வந்தது. மோடி எழுத்தில் எழுதி, துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்த பல்லாயிரம் 'ருமால்'கள் அங்கே உள்ளன. அரசாங்கம் பணித்ததன் பேரில் ஜி. எஸ். சர்தேசாய் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை மட்டுமே 1930-களில் 45 தொகுதிகளாக அச்சேறின. வேபரின் கோட்பாட்டை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் நம் பக்கத்தில் இல்லை.

கதையைச் சிவாஜியிலிருந்து தொடங்க வேண்டும். 1674-இல் முடிசூடியபோது அவருக்கு எட்டு அமைச்சர்கள் இருந்தனர். அஷ்டப் பிரதான் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துறை. பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு என்பதை அவர் விரும்பவில்லை. சம்பளத்தையும் நிலமாகக் கொடுக்காமல், முடிந்தவரை ரொக்கமாகவே கொடுக்கப் பார்த்தார். நிலம் கையில் போனால் ஆள் கையைவிட்டுப் போவான் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு கலைந்தது எங்கே தெரியுமா? நம்ம தமிழ்நாட்டில், செஞ்சியில்! 1689-இல் சம்பாஜியை ஒளரங்கசீப் கொன்றதும் தம்பி ராஜாராம் தப்பித் தெற்கே ஓடிவந்து செஞ்சிக் கோட்டையில் அமர்ந்தார். 1698-இல் கோட்டை விழும் தறுவாய் வரை மராட்டிய அரசின் தலைநகரம் அதுதான். கஜானாவில் பணம் இல்லை. ராஜ்யமோ எட்டாத தூரத்தில் இருந்தது. சர்தார்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள நிலத்தையும் வருவாய் உரிமையையும் எழுதிக் கொடுப்பதைத் தவிர ராஜாராமுக்கு வேறு வழியில்லை. 'பிரதிநிதி' என்ற பெரும் பதவியும் செஞ்சியில்தான் உருவானது. பிற்பாடு அதுவும் ஒரு குடும்பத்தின் வழிவழி உரிமையாயிற்று. அரசு பிழைத்தது, ஆனால் சிவாஜியின் விதி பிழைக்கவில்லை. 1713-இல் பாலாஜி விசுவநாத் பேஷ்வா ஆனார். 1720-இல் அவர் மறைந்ததும் இருபது வயது நிரம்பாத மகன் பாஜிராவுக்கு அதே பதவி கிடைத்தது. எட்டில் ஒரு வேலையாக இருந்தது ஒரு வம்சமாகிவிட்டது.

அப்படியானால் பேஷ்வா ஆட்சியில் ஒழுங்கே இல்லையா? அதுதான் இல்லை. வேடிக்கை இனிமேல்தான்.

புனேயில் இருந்த ஹுஸூர் தஃப்தரில் இருநூறுக்கும் மேற்பட்ட கார்குன்கள், அதாவது குமாஸ்தாக்கள், உட்கார்ந்து எழுதினார்கள். நடப்பு வேலைக்கு ஒரு பிரிவு. எல்லா வரவு செலவையும் தொகுத்து வைக்க 'ஏக் பேரீஜ்' என்று இன்னொரு பிரிவு. மாவட்டங்களில் இன்னும் நுட்பமான ஏற்பாடு. மாம்லத்தாருக்குப் பக்கத்திலேயே தரக்தார்கள் என்ற பரம்பரை அதிகாரிகள். அவர் உத்தரவுகளில் திவான் கையெழுத்திட வேண்டும். மஜும்தார் கணக்கைத் தணிக்கை செய்த பிறகே அது பட்னீஸ் கைக்குப் போகும். பட்னீஸ் தேதியிட்டு நாள்குறிப்பில் எழுதுவார், தஃப்தர்தார் அதிலிருந்து பேரேடு தயாரிப்பார், போத்தார் நாணயத்தைச் சோதிப்பார். இவர்களில் யாரையும் மாம்லத்தார் வேலையைவிட்டு நீக்க முடியாது!

இங்கே கவனியுங்கள். பதவி பரம்பரைச் சொத்தாகக் கூடாது என்கிறார் வேபர். புனேயிலோ அந்தப் பரம்பரை உரிமையே மேலதிகாரிக்குக் கடிவாளமாகவும் ஆயிற்று. கோட்பாட்டை அப்படியே பொருத்த முடியாத இடம் இது.

இந்த இயந்திரத்தின் உச்சம் நானா பட்னவீஸ் காலம். 'பட்னவீஸ்' என்பதே பதவிப் பெயர்தான். அவருக்கும் அது பாட்டன் வழியில் வந்தது. 1773-இல் பேஷ்வா நாராயணராவ் அரண்மனைக்குள்ளேயே கொலையுண்டார். பிறகு பேஷ்வா ஆனதோ 1774-இல் பிறந்த கைக்குழந்தை. ஆனாலும் ஓலை போனது, வரி வந்தது, கணக்கு எழுதப்பட்டது. அரியணையில் தொட்டில் இருந்தாலும் ஆபீஸ் நடந்தது. ஆள் போனாலும் அமைப்பு நிற்கும் என்பது வேபர் பிறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே புனேயில் நடந்து காட்டப்பட்டது.

சரி, பிறகு ஏன் விழுந்தது? 1800-இல் நானா இறந்தார். இரண்டாம் பாஜிராவ் வரி வசூல் உரிமையை அதிகத் தொகை கேட்டவனுக்குக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரனுக்குக் கணக்கு எதற்கு? கொடுத்ததை வசூலித்தால் போதும். தஃப்தர் சீர்குலைந்தது. 1818-இல் ஆங்கிலேயர் வந்தபோது காகிதங்கள் ஒழுங்கற்றுக் கிடந்தன. கடிவாளமும் குதிரையும் இருந்தன. பிடிக்க மனம்தான் இல்லை.

ஆனால் காகிதம் சாகவில்லை. 1852-இல் சட்டபூர்வமான இனாம் கமிஷன், யார் யாருடைய மானிய நிலம் செல்லும், யாருடையது செல்லாது என்று தீர்மானிக்க இந்த மூட்டைகளைத்தான் பிரித்தது. பெயர் தெரியாத ஒரு கார்குன் என்றோ எழுதிய ஒரு வரி, பேரப்பிள்ளைகளின் சோற்றைக் காப்பாற்றியது. அந்த வரி இல்லாதவனின் நிலம் போனது. ரேஷன் கார்டுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் வெளிமாநிலத்தில் அலைந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கமும் இதற்குக் குறைவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது. வருஷம் 921. தஞ்சை மராட்டியர் விட்டுச்சென்ற மோடி ஆவணங்கள் தஞ்சாவூரில் இன்றும் உள்ளன. புனேயில் மோடி கற்கும் நம் பிள்ளை ஒன்று, தஞ்சாவூர் வரலாற்றையே திறக்கலாம்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். விதி இருந்தால் மட்டும் போதாது, நல்ல ஆள் இருந்தாலும் போதாது. நெருக்கடியில் தளர்த்திய விதியை நெருக்கடி தீர்ந்ததும் திரும்ப இறுக்க ஒருவர் வேண்டும். செஞ்சியில் கொடுத்ததைச் சாதாராவிலோ புனேயிலோ யாரும் திரும்ப வாங்கவில்லை. அரசுக்கு மட்டுமல்ல, ஐம்பது குடும்பம் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கும் இது பொருந்தும். நம் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டையும் வரவு செலவுப் புத்தகத்தையும் அடுத்த செயலாளரிடம் முழுசாக ஒப்படைக்கிறோமே, அது சின்ன வேலை இல்லைங்க. அந்த இருநூறு கார்குன்கள் செய்ததும் அதே வேலைதான்.