செம்பாட்டு மண்ணும் பசளையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தின் கீழே சுண்ணக்கல். அதன்மேல், வலிகாமத்தின் பெரும்பகுதியிலே, செம்பாட்டு மண். உழுவதற்கு எளிதாகிய இம்மண் நீரை நெடுநேரம் தாங்கி வைப்பதில்லை. இயல்பாக அதன்கண் உள்ள சேதனப் பொருளும் சிறிதே. இத்தகைய நிலத்திலே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் தலைமுறை தலைமுறையாகச் செழித்தனவெனின், அவ்வளம் கமக்காரர் தம் உழைப்பினாற் சேர்த்துவைத்த முதலேயாகும்.

அம்முதல் மூன்று வழிகளிற் சேர்ந்தது. வெறுமையாயிருந்த தோட்டங்களில் ஆடு மாடுகளை இரவிலே பட்டியடைத்தனர். பட்டியை இடம் மாற்றிக் கட்ட, எருவும் சலமும் நிலமெங்கும் பரவின. பூவரசு முதலியவற்றின் குழையை வெட்டி மண்ணிற் புதைத்தனர். மூன்றாவது பனையோலை. கூரையிலும் வேலியிலும் பயன்பட்டுப் பழுதான ஓலை ஈற்றில் தோட்டத்து மண்ணுக்கே சென்றது. துலா மிதித்து வருந்தி இறைத்த நீரை மண்ணிலே தங்கச் செய்ததும் அவ்வோலையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இவ்வொழுங்கு தளர்ந்தது. 1962இல் அரசாங்கம் பசளை மானியத்தைத் தொடங்கிற்று. அசேதனப் பசளை எங்கும் பரவிற்று. நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பெற்றது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற, செய்கை பெருகிற்று. ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாயிற்று, வேலி மதிலாயிற்று, உழவுமாட்டின் வேலையை உழவு இயந்திரம் ஏற்றது. இவை யாவும் மக்களுக்கு நன்மையே பயந்தன. எனினும், மண்ணுக்குச் சென்ற உணவு ஒவ்வொன்றினாலும் குறைந்தது.

இதன் விளைவு கிணற்றிலே தோன்றிற்று. பசளையின் நைதரசன் மண்ணிலே நைத்திரேற்றாக மாறும். பயிர் உறிஞ்சாது விட்டதை மண் பற்றிக்கொள்வதில்லை; அது நீருடன் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றை அடையும். மலசலக் குழிகளின் கசிவும் அதனோடு சேரும். குடிநீரிலே லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மறுபுறத்தே, 2021ஆம் ஆண்டின் அனுபவமும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஒரு போகத்துக்குள் வேண்டிய சேதனப் பசளையைத் திரட்டுதல் இயலாதாயிற்று. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போகத்து நெல்விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. அசேதனப் பசளை பயிருக்கு விரைந்து உணவளிக்கும். அவ்வுணவையும் நீரையும் தாங்கும் வலிமையை மண்ணுக்குத் தருவது சேதனப் பொருள். முன்னதைப் பையிலே வாங்கலாம். பின்னதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே பசளையிடுதலும், வேலியோரத்திலே குழைமரங்களை மீண்டும் நாட்டுதலும், தோட்டத்துக் கழிவைக் கூட்டெருவாக்குதலும் இன்றும் இயலுவன. மண்ணைக் காக்கும் அச்செயல்களே கிணற்றையும் காக்கும்.